ஓர் ஆன்டெனா, இரண்டு வீடு

1980களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெரு ஆன்டெனாக்கள் எல்லாம் இலங்கைப் பக்கம்தான் திரும்பியிருந்தன. சென்னையில் 1975லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் அதன் அலை எங்கள் ஊர்வரை எட்டாது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினி எட்டியது. பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்த அலை அது. கடலின் ஈரக்காற்றுக்கு மேலே வெப்பக்காற்று படிந்த இரவுகளில் அலை வளைந்து வந்து சேரும், படம் தெளியும். மற்ற நாட்களில் புள்ளிகளுக்கு நடுவே முகங்களைத் தேட வேண்டும்.

அந்த மெலிந்த சிக்னலில்தான் பக்கத்து வீட்டு ஆச்சி பங்கு கேட்டார்கள். டிவி வாங்கிவிட்டார்கள், உயரமான ஜி.ஐ. பைப்புக்கும் இழுத்துக் கட்டும் கம்பிக்கும் பணமில்லை. எங்கள் வயரிலேயே இன்னொரு வயரை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. தெருவில் பலரும் செய்ததுதான். ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி சம்மதிக்கவில்லை.

"ஆளுக்குப் பாதிதான் கெடைக்கும். அதையாவது ஒழுங்காப் பிரிக்கணும்லா?"

அவர் சொன்னதன் முழு நியாயம் பிறகு படித்தபோது விளங்கியது. 300 ஓம் தட்டை வயரில் இரண்டு டிவியை அப்படியே சேர்த்தால் எதிர்ப்பு பாதியாகிவிடும். பொருந்தாத இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி ஓடி மீண்டும் வரும். திரையில் ஆளுக்குப் பின்னால் நிழலாக இன்னொரு ஆள். போதாததற்கு ஒரு டிவியின் டியூனரிலிருந்து கசிவது மற்ற டிவியில் கோடாக ஓடும். சிக்னலை ஒழுங்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இந்த இரண்டையும் தடுக்கும். ஆனால் இருவழியில் மூன்றரை டெசிபல், நான்குவழியில் ஏழு டெசிபல் என்று கூலி வாங்கிக்கொள்ளும். உள்ளூர் நிலையமென்றால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு அது படம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் அண்ணாச்சி சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியிலேயே, பிரிப்பதற்கு முன்னால் வைத்தார். கீழே டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் வயரில் தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். ஆன்டெனா, பூஸ்டர், அப்புறம்தான் பங்கு. இந்த வரிசையை நான் இன்றும் மதிக்கிறேன். ஆச்சி வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே தரத்தில் தமிழ்ச் செய்தி ஓடியது.

தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் 2022இல் மூடப்பட்டன. அந்தத் தெருவில் இப்போது வீட்டுக்கொரு டிஷ். எல்லாம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களை நோக்கியே நிற்கின்றன. பழைய ஸ்ப்ளிட்டர் இங்கே உதவாது. டிவியோடு இணைந்த ஒவ்வொரு செட்டாப் பெட்டியும் 13 அல்லது 18 வோல்ட்டை வயரில் மேலே அனுப்பி, செங்குத்து அலையா கிடை அலையா என்று கேட்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே வயரில் வேறுவேறு கேட்டால் ஒன்று இருட்டாகும். டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி.யை இரட்டை வெளியீடுள்ளதாகப் போட்டால் போதும், இருவருக்கும் தனித்தனியாக முழு சிக்னல், யாருக்கும் பாதியில்லை. பகிர்வது இவ்வளவு எளிதான காலத்தில் பகிரக் கேட்பவர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் மாட்ட வந்த தம்பியிடம் இரட்டை எல்.என்.பி. கேட்டேன்.

"ஒரு டிவிதான இருக்கு, சார்?"

"பக்கத்து வீட்டுக்கும் ஒரு வயர் இழுத்துருங்க தம்பி. அவங்ககிட்ட ஏற்கெனவே பேசிட்டேன்."