தண்ணி கேளாப் பெட்டரி: ஒரு பரபக்க மறுப்பு

ஊவாவுக்குக் கடற்கரை இல்லை. ஆகவே பாய்மரப் படகில் மாதக்கணக்காக அலைவோர் தம் பெட்டரியின் நீர்மட்டம் பற்றிப் படும் கவலை பதுளைக்கு வேண்டாத கவலை என்பார் உளர். அது பொருந்தாது. படகின் அடித்தட்டில் கிடப்பதும், பசறைப் பக்கத்து லயத்தில் கட்டிலுக்கடியில் கிடப்பதும், பண்டாரவளை ஓட்டோவில் சீட்டுக்குக் கீழே கிடப்பதும் ஒரே சாதிப் பொருள்: 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய ஈய அமிலப் பெட்டரி. ஆறு அறை, ஆறு மூடி, உள்ளே ஈயத் தகடு, தகட்டை மூழ்கடித்த அமிலத் தண்ணீர். இதை வைத்திருப்போர் வாயில் ஒரு பெருமைப் பேச்சு அடிபடும்: “நம்ம பெட்டரி தங்கமான பெட்டரி, தண்ணியே கேக்காது.” இக்கட்டுரை அதைப் பரபக்கமாக நிறுத்தி மறுக்க வந்தது. தண்ணி கேளாத பெட்டரி நல்ல பெட்டரி அன்று, வயிறு நிறையாத பெட்டரி என்பது நமது சுபக்கம்.

சான்று வருமாறு. பெட்டரியில் அமிலம் எங்கும் போவதில்லை. போவது தண்ணீர் மட்டுமே, அதுவும் வேளை பார்த்துத்தான் போகும். சார்ஜ் ஏறும்போது தகட்டில் படிந்த ஈய சல்பேட்டு கரைந்து அமிலமாகத் திரும்புகிறது. திரும்ப வேண்டியது ஏறக்குறையத் திரும்பி முடிந்ததும், அறைக்கு 2.4 வோல்ட் அளவில், வந்துகொண்டிருக்கும் மின்சாரம் வேறு வேலையில்லாமல் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஒக்சிஜனாகவும் உடைக்கத் தொடங்குகிறது. பரடேயின் விதிப்படி, இவ்வாறு மிஞ்சும் ஒவ்வோர் அம்பியர் மணிக்கும் ஆறு அறையிலும் சேர்த்து இரண்டு கிராம் தண்ணீர் போகும். 50 அம்பியர் மணி மிஞ்சினால் 100 கிராம். ஒரு சின்னக் கிளாஸ் பிளேன்டீ. தண்ணீர் குறைந்தது என்றால் சார்ஜ் முழுதாக ஏறி மிஞ்சியது என்று கொள்க. குறையவே இல்லை என்றால்? பதிலுக்குப் பழைய லயத்து டீவியைப் பார்ப்போம். 1982இல் ரூபவாகினி தொடங்கிய பிறகு, மின்சாரம் எட்டாத லயங்களில் கறுப்பு வெள்ளை டீவியை ஓட்டியது கார் பெட்டரி. திரையில் படம் நாலாபக்கமும் சுருங்கத் தொடங்கினால் பெட்டரியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி, டவுனில் சார்ஜ் போடும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த படத்துக்குள் திரும்பியும் வந்தாக வேண்டும். அவசரத்துக்கு முக்கால் சார்ஜில் கழற்றிய பெட்டரி கொதிப்பதில்லை, கொதிக்காதது தண்ணீர் கேட்பதில்லை. கரையாமல் நின்ற சல்பேட்டோ நாளாக நாளாகத் தகட்டில் இறுகிவிடும். மட்டம் அப்படியே நிற்கும். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் அமிலத்தின் அடர்த்தி 1.27 காட்ட வேண்டியது 1.2இல் தடுமாறும். வாய் திறந்து கேட்காதவனை நல்லவன் என்பது தோட்டத்து ஆபீசுகளின் பழைய கணக்கு. பௌதிகம் அந்தச் செக்ரோலில் பேர் பதியவில்லை.

இனித் தடைகள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றே தண்ணீரை உறிஞ்சுகிறது, சார்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பர் காற்றுவாதிகள். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த காற்று அது. சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் கொழுந்து வெட்டவெளியில் நிற்பது, பெட்டரித் தண்ணீர் ஊசித்துளை மூடிக்குள் இருப்பது. காற்றே முதற்காரணமானால் சார்ஜ் போடாமல் இஸ்தோப்பில் கிடக்கும் பெட்டரியும் அதே வேகத்தில் வற்றியிருக்க வேண்டும். வற்றுவதில்லை. “இப்போது மூடி திறக்காத பெட்டரி வந்துவிட்டதே” என்பது அடுத்த தடை. அதன் தகட்டில் கல்சியம் கலந்து தண்ணீர் உடைவதைக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்திவிடவில்லை; மிதமிஞ்சிச் சார்ஜ் ஏற்றினால் அதுவும் வற்றும், திறந்து ஊற்றத்தான் வழியில்லை. லயத்துக்கே கரண்ட் வந்த பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்போருக்கு 2022 மார்ச் கடைசியில் நாடு முழுதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நினைவூட்டி மேலே செல்வோம்.

பெட்டரி கேட்டால் எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதில் மூன்று மதங்கள். பீலித் தண்ணீர் மதத்தார், மலையிலிருந்து வருவது சுத்தம் என்பர். குடிக்கச் சுத்தம், ஆனால் பாறை வழியே கரைத்துவந்த தாதுக்கள் தகட்டுக்கு ஆகா. கொதிநீர் மதத்தார் கேத்தலை நம்புவர். பதுளையில் தண்ணீர் ஏறக்குறைய 98 பாகையிலும், ஹப்புத்தளையில் 95ஐச் சற்றுத் தாண்டியும் கொதிக்கிறது என்பது உண்மையே. இரண்டு இடத்திலும் பறப்பது ஆவி, பெரும்பாலான உப்பு கேத்தலிலேயே தங்கிவிடுகிறது. இவர்கள் ஊற்ற வேண்டியதை வானத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தைப் பெட்டரிக்கு ஊற்றுகிறார்கள். மழைநீர் மதம் உண்மைக்குக் கிட்ட வருகிறது, வெட்டவெளியில் பிளாஸ்டிக் பேசினை வைத்துப் பிடித்தால் மட்டும். லயத்துத் தகரக் கூரையில் விழுந்து துருவோடு இறங்கினால் இரும்பு சேர்ந்துவிடும், பிறகு பெட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும். கடையில் விற்கும் டிஸ்டில் வோட்டர் இந்த மூன்று மதத்துக்கும் வெளியே போத்தலில் நிற்கிறது.

எப்போது ஊற்றுவது என்பதில் அவசரக்காரரே பெரும்பான்மை. தகடு வெளியே தெரிந்தால் மூழ்குமளவு மட்டும் முதலில் விட்டு, மட்டத்துக்கு நிரப்புவதைச் சார்ஜ் முடிந்த பிறகு வைத்துக்கொள்க. சார்ஜில் தண்ணீர் எழும்; முன்னமே விளிம்புவரை நிரப்பினால் அமிலம் மூடிவழி பொங்கி, மறுநாள் சாரத்தில் ஓட்டையாகத் தெரியும். உள்ளே பார்க்க டோர்ச் வேண்டும். குப்பி லாம்பைப் பிடித்துக் குனியக்கூடாது, அந்நேரம் மூடிக்கு மேலே நிற்பது ஹைட்ரஜன். அப்படியானால் நிறையக் கேட்கும் பெட்டரி இன்னும் நல்லதோ என்று கடைசியாக ஒரு குறும்புத் தடை எழலாம். வாரந்தோறும் ஆறு அறையும் கேட்டால் குற்றம் சார்ஜ் போடும் சாதனத்தில். ஓட்டோ என்றால் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்க. ஆறில் ஒன்று மட்டும் ஓயாமல் கேட்டால் அந்த அறைக்குள்ளேயே ஏதோ கெட்டுவிட்டது. அந்தப் பெட்டரி பற்றி மேற்கொண்டு பேச உரியவர், ஈயத்தை நிறுத்து விலை சொல்லும் பழைய இரும்புக்காரர்.