மூட்டை சுமந்தவன் வேலை செய்யலீங்களாம்

ஏனுங் டீச்சரம்மிணி, பள்ளிக்கூடத்து நடையில தெனமும் 'இன்று ஒரு சொல்'னு சாக்பீசுல எழுதிப் போட வெக்கறீங்களே, அது ஆருக்குங்க? பசங்களுக்குன்னா, அவனுக அதுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுதான் கடலைமுட்டாயி திங்கறானுக. முந்தாநேத்து என்ன சொல்லுன்னு கேட்டா, எழுதுன லீடர் பொண்ணே மோட்டைப் பாக்குது. ரேசன் கடைக்குப் போறப்ப வாரப்ப அதைப் படிக்கற ஒரே ஆளு நான்தான். 'நிலைமம்'னு போட்டிருந்துச்சு. இருந்த எடத்தை உட்டு நகராம இருக்கறதாம். எழுபது தாண்டுனவனுக்கு அதை எழுதிப் போட்டுத்தான் தெரியோணுமா?

கோவிச்சுக்காதீங்க. நீங்க நெம்ப மெனக்கெடறீங்க, அது ஊருக்கே தெரியும். பத்தாவது முடிக்கறதுக்குள்ள ஒரு பையன் தலையில ஒத்தைச் சொல்லுகூட எறங்கிறக் கூடாதுன்னு நெனைச்சீங்கன்னா, இப்பச் செய்யறதையே செய்யுங்க. கலைச்சொல் பட்டியலை மூணு தடவை எழுதிட்டு வரச் சொல்லுங்க. கை வலிக்கும், சொல்லு ஒட்டாது. நான் உத்தரவாதம்.

என்ற மகள் பையன் உங்ககிட்டத்தான் படிக்கறான். ராத்திரி திண்ணையில ஒக்காந்து, கண்ணை இறுக்கி மூடிட்டு, முன்னும் பின்னும் ஆடிட்டு, சவ்வூடுபரவலை மூச்சு விடாம மூணு வரி ஒப்பிச்சான். ஒரு எழுத்துப் பிசகலை.

"சவ்வுன்னா என்றா கண்ணு?"

"சவ்வுமுட்டாயிங்க அப்புச்சி."

"ஊடு?"

"ஊடுன்னா ஊடுதானுங்க. நம்ம ஊடு."

ஆகக்கூடி, முட்டாயி ஊட்டுக்குள்ள என்னமோ பரவுதுன்னு எழுதி அஞ்சு மார்க்கும் வாங்கியிருப்பான். நீங்களும் போட்டிருப்பீங்க. எழுத்துப்பிழைதான் இல்லையே!

நான் புத்தகத்தை மூடி வெக்கச் சொன்னேன். "உங்கமுச்சி மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு மூடி வெக்கறா. வெடியாலப் பாத்தா ஜாடியில தண்ணி நிக்குது. ஆரு ஊத்துனா?"

"ஆரும் ஊத்தலீங்க. மாங்காய்க்குள்ள இருந்துதான் வந்துச்சு."

"மாங்காய்க்கு ஓட்டையா இருக்குது?"

தலையைச் சொறிஞ்சான். "உள்ளுக்குள்ள மெல்லிசா தோலு மாதிரி இருக்குமுங்க. அதுக்கு ஊடால..." அங்கயே நின்னுட்டான். ஊடால! நித்தம் பத்துத் தடவை அவன் வாயில வாரதுதான். வேலிக்கு ஊடால பூந்து போறவன்தான். புத்தகத்துல அது 'ஊடு'ன்னு நிக்கறப்ப அடையாளந் தெரியலை. சவ்வுக்கு ஊடால தண்ணி உப்பு இருக்கற பக்கமாப் பரவுதுன்னு அவனே சொல்லிட்டு, அப்பறம் என்னைப் பாத்து, "இவ்வளவுதானுங்களா?"ன்னான். இவ்வளவுதான் சாமி.

இதுல என்ற கெட்டித்தனம் ஒண்ணுமில்லை. தமிழ் பீரியட்ல 'பிரித்து எழுதுக'ன்னு ஒரு மார்க்குக்கும், பகுதி விகுதின்னு ரெண்டு மார்க்குக்கும் நீங்களே சொல்லிக் குடுக்கறதுதான். மணி அடிச்சதும் அந்தக் கத்தியைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, அடுத்த பீரியட்ல சயின்ஸ் சொல்லை முழுசா முழுங்கச் சொல்லறீங்க. 'முடுக்கம்'னு வருதுங்க. முடுக்குன்னு பிரிச்சா, ஆட்டை முடுக்கி உடற எவனுக்கும் பாதி புரிஞ்சு போச்சு. மீதிப் பாதி, அது வேகமில்லை, திசைவேகம் மாறற வீதம்கறது. அதைச் சொல்லத்தான் சர்க்கார் உங்களுக்குச் சம்பளம் குடுக்குது.

இங்கிலீசுச் சொல்லுக்கும் அதே கத்தி வெட்டும். போட்டோன்னா கல்யாண ஊட்டுல எடுக்கறதுன்னு எல்லாப் பசங்களுக்கும் தெரியும். கிரேக்கத்துல அது ஒளியாம். போட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்க்கை. ஒளிச்சேர்க்கையும் போட்டோசிந்தசிஸும் ஒரே அச்சுல வார்த்த செங்கல்லுன்னு ஒரு தடவை காட்டிட்டா, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கைக் காட்டி தெர்மாமீட்டருக்கும் தெர்மோடைனமிக்ஸுக்கும் அவனுகளே போயிருவானுக.

ஆனா ஊட்டுச் சொல்லே காலை வாரியும் உடும். இதை நீங்க பசங்களுக்கு ஒளிக்காமச் சொல்லிப் போடோணும். 'வேலை'ன்னா விசையை இடப்பெயர்ச்சியால பெருக்கறதுன்னு பௌதிகப் புத்தகம் சொல்லுது. அப்படின்னா ஒருத்தன் நெல்லு மூட்டையைத் தலையில வெச்சுட்டு, மில்லு வாசல்ல லாரி வார வரைக்கும் அரை மணி நேரம் அசையாம நின்னா, மூட்டை மேல அவன் செஞ்ச வேலை சைபர். கழுத்து ஒடியுது, வேர்த்துக் கொட்டுது, கணக்குல சைபர்! பண்ணையக்காரர் காதுல இது உழுந்துறாமப் பாத்துக்குங்க. கூலியைப் புடிச்சுட்டு, பாடப்புத்தகத்தைச் சாட்சிக்குக் கூப்புடுவாரு.

'வெசயா வா'ன்னா நம்மூர்ல சுருக்கா வாங்கறது. புத்தகத்து விசை வேகமில்லை, தள்ளறதோ இழுக்கறதோ. ஆற்றல், திறன், விசை மூணும் நமக்கு ஒரே ஆளு. பௌதிகத்துல மூணும் வேற வேற ஆளு, ஒண்ணு எடத்துல இன்னொண்ணு நிக்காது. பையன் மக்குன்னு நெனைச்சு நீங்க ஏசறப்ப, பாதி நேரம் அவன் நம்ம ஊட்டு அர்த்தத்தை வெச்சுட்டுப் புத்தகத்தோட மல்லுக் கட்டிட்டு இருக்கான்.

இதுக்கு அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஃபிரேயர்னு ஒரு அம்மிணியும் கூட இருந்தவங்களும் 1969லயே ஒரு வழி சொல்லி வெச்சிருக்காங்க. ஒரு சொல்லுக்கு நாலு கட்டம்: அது என்ன, அதோட கொணம் என்ன, எது அது, எது அது இல்லை. நாலாவது கட்டம்தான் ஒசத்தி. கண்ணபுரம் மாட்டுச்சந்தையில காங்கேயம் கன்னு புடிக்கப் போறவன் மாதிரிங்க. காங்கேயம்னா மயிலைன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனவன், செவலைக் கன்னைப் பாத்துட்டு 'இது காங்கேயம் இல்லை'ன்னு திரும்பி வந்துருவான். பொறக்கறப்ப செவலையாப் பொறந்து, மாசம் போகப் போகத்தான் மயிலையா மாறும்னு அவனுக்கு ஆரும் சொல்லலை. எது இல்லைன்னு சரியாத் தெரியாதவனுக்கு, எதுன்னும் தெரியாதுங்க. வேலைக்குப் போடற நாலாவது கட்டத்துல அந்த மூட்டைக்காரனை நிக்க வெச்சுப் பாருங்க. ஒரு பையனும் மறக்க மாட்டான்.

'தமிழ்ல இதெல்லாம் ஆகுமா'ன்னு உங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் இழுப்பாரு. அவருகிட்டச் சொல்லுங்க: 1916லயே சேலத்துல ராஜாஜியும் கூட்டாளிகளும் சயின்ஸுக்குத் தமிழ்ச் சொல்லு தேடச் சங்கம் வெச்சாங்க. 1946ல நம்ம அவிநாசிலிங்கம் செட்டியார் மாகாணக் கல்வி மந்திரியா இருந்தப்பத் தமிழ் வளர்ச்சிக் கழகம் உண்டாச்சு. அது கொண்டாந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியரு ஆருங்க? மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தவரு. அதே மனுசன் காட்டுலயும் மேட்டுலயும் பாடற நாட்டுப்பாட்டைக் கேட்டுத் தொகுத்து 'காற்றில் வந்த கவிதை'ன்னும் போட்டாரு. ஒரு காதுல நாத்து நடற பொம்பளைங்க பாட்டு, இன்னொரு காதுல அணு. ரெண்டும் அவருக்குள்ள சண்டை போட்டுக்கலை. 1960ல காலேஜுப் பாடத்தைத் தமிழ்ல நடத்திப் பாக்கலாம்னு சர்க்கார் நெனைச்சப்ப, சோதனைக்குப் புடிச்ச எடமும் நம்ம கோயமுத்தூர் அரசு கலைக் கல்லூரிதான். அப்பக் கல்வி மந்திரி பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம்.

பெருமை பேசியாச்சு, இனிக் கசப்பு. 2018 நீட்டுத் தேர்வுல தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புத் தப்புன்னு வழக்குப் போச்சு. கேள்விக்கு நாலு வீதம் 196 மார்க்குக் குடுங்கன்னு ஜூலையில ஹைகோர்ட்டு மதுரைக் கிளை சொல்லுச்சு; நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துப் பண்ணிருச்சு. சந்தேகம் வந்தா இங்கிலீசுத் தாள்தான் செல்லும்னு விதியே இருக்குது. அதனால தமிழ் மீடியத்துப் பையன் நோட்டுல சவ்வூடுபரவலுக்குப் பக்கத்துலயே ஆஸ்மாசிஸும் குடியிருக்கோணும். இங்கிலீசு மீடியத்துப் பொண்ணுக்கும் அப்படித்தான். மாங்காய்த் தண்ணியை அது எந்த பாஷையில நெனைக்குதுன்னு நெனைக்கறீங்க?

இன்னொண்ணுங்க. பசங்களைக் கவுக்கறது எல்லா நேரமும் பெரிய சொல்லில்லை. நியூசிலாந்துல ஏவரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மிணி, எந்தப் பாடத்துப் புத்தகத்தை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வார இங்கிலீசுச் சொல்லுகளைச் சலிச்சு எடுத்து, 570 சொல் குடும்பம்னு 2000ல பட்டியல் போட்டாங்க. நம்ம கேள்வித்தாள்ல அந்த மாதிரிச் சொல்லுக வரிக்கு வரி ஒளிஞ்சிருக்குது: எனில், மாறாக, சார்ந்து, முறையே. வரையறு, விளக்கு, வேறுபடுத்து, நிறுவுன்னு கேட்டாலும் நாலுக்கும் பையன் ஒரே பதிலைத்தான் எழுதறான்: தெரிஞ்சதை எல்லாம். 'வேறுபடுத்துக'ன்னா ரெண்டையும் பக்கத்துல நிறுத்தி எங்க பிரியறாங்கன்னு காட்டறது, 'நிறுவுக'ன்னா 'ஏன்'னு கேட்கறவன் வாயை அடைக்கறதுன்னு எந்தப் பீரியட்லயும் ஆரும் சொல்லறதில்லை. அது தமிழ் டீச்சர் வேலைன்னு சயின்ஸ் டீச்சரும், அவங்க வேலைன்னு இவங்களும் உட்டுப்போட்டதுல, ஆரோட வேலையும் இல்லாமப் போச்சு.

'சிலபஸை ஆருங்க முடிக்கறது?'ன்னு நீங்க கேட்பீங்க. நியாயந்தானுங்க. வாரத்துக்கு நாலு சொல்லுப் போதும். திங்கக்கிழமை பிரிச்சுப் போடுங்க, புதன்கிழமை பசங்க வாயால சொந்தமா ஒரு வாக்கியம் வாங்குங்க, அடுத்த வாரம் வேற பாடத்துல அதே சொல்லு தலையைக் காட்டறப்ப 'இவன் ஆரு, ஞாபகம் இருக்குதா?'ன்னு கேளுங்க. கையில மாங்காயும் உப்பும் இருந்தா இன்னும் நல்லது. அந்த நேரம் பாத்து ஆராச்சும் ஆய்வுக்கு வந்து, 'வகுப்புல என்னம்மா மாங்காய்?'னு கேட்டாங்கன்னா பயந்துறாதீங்க. 'செயல்வழிக் கற்றல் விளைவு'ன்னு ஒரு சொல்லை எடுத்து உடுங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு அவிங்களும் கேட்க மாட்டாங்க. போறப்ப ரெண்டு மாங்காயை மட்டும் பொட்டலங் கட்டிக் குடுத்துருங்க.