234 பைஜாமா ஓட்டை

கேள்வி: வெளிநாட்டு மருத்துவப் பயிற்சிக்கு அனுப்பும் சுயவிளக்கக் கடிதத்தை ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்க முடியுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் ஊர் பனியன் கம்பெனியில் செக்கிங் அக்கா துணியை விரித்தால் ஊசிமுனை ஓட்டையும் தப்பாது. எழுத்துக்கு அப்படியொரு மேஜை இன்னும் வரவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை 'இயந்திரம் எழுதியது' என்றன. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்!

காப்பியடிப்பது ஏ.ஐ.க்கு முன்பே உண்டு. பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் 2007-இல் மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளுக்கான விண்ணப்பங்களை அலசியது. ஒரு விண்ணப்பதாரருக்கு, எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் பெட்டியோடு விளையாடி, பைஜாமாவில் ஓட்டை விழுந்ததிலிருந்து அறிவியல் ஆசை வந்ததாம். மொத்தம் 234 பேருக்கு இதே கதை! 234 பைஜாமா, ஒரே ஓட்டை.

இங்கே எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். கடிதம் கேட்பது வெளிநாடுதான். அம்மா பவர் டேபிளில் தைத்துப் படிக்கவைத்த கதை உங்களுடையது என்றால், உங்கள் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். யாராவது சந்தேகப்பட்டால் காட்ட, அடித்துத் திருத்திய பழைய தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.