ஜனவரி யோகி

ஜனவரி யோகியைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பர் கடைசி வாரத்தில் செங்கல்பட்டு லோக்கலில் ஏற வேண்டும். எதிர் இருக்கைக்காரரிடம், "இந்த வருஷம் விடறதா இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எதை விடுவதாக இல்லை என்று யாரும் கேட்பதில்லை. முந்தைய டிசம்பர்களிலும் அதே பெட்டியில் அதே ஜன்னலோரத்தில் அதையேதான் சொன்னார். பரனூரில் யோகாவின் பெருமை தொடங்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் சூடுபிடிக்கும். கூடுவாஞ்சேரி வரும்போது எதிர் இருக்கைக்காரர் கண்ணை மூடிவிடுவார். அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டு நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பட்டணத்து ஆபீஸில் சூப்பரின்டெண்ட் அல்லது அதற்கு ஒரு படி மேலே, கீழே. சர்க்கரை 'பார்டர்ல' இருக்கிறது என்பார். பல வருஷமாக அதே பார்டர்தான். எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது என்பது டாக்டருக்கும் வீட்டம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். மாலை ரயிலில் பார்க் ஸ்டேஷனில் ஏறினால் தாம்பரம்வரை ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும். இன்னொரு காலை வைக்க இடம் கிடையாது. இதை விருட்சாசனமாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். கையில் டிபன் பை இருந்ததால் சேராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். நேர்மையானவர்.

விஷயஞானத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் யோகம் சொல்லிக்கொடுத்தது, ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தது, பிற்பாடு அவர் சென்னைக்கே வந்து தங்கியது, நூறு வயது நிறைந்து 1989இல் மறைந்தது, மகன் தேசிகாச்சார் 1976இல் அப்பா பெயரில் யோக மந்திரம் தொடங்கியது, எல்லாம் விரல்நுனியில். அந்த விரல்நுனி அவருடைய கால் கட்டைவிரலைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான் என்பார். திருமூலர் மூவாயிரம் வருஷம் யோகத்தில் இருந்து வருஷத்துக்கு ஒரு பாட்டாகப் பாடினார் என்று ஒரு கதை உண்டல்லவா, அதை மட்டும் தனி உற்சாகத்தோடு சொல்வார். "அவசரப்படவே இல்ல பாருங்க. வருஷத்துக்கு ஒண்ணு!"

இவ்வளவு பேசுகிறவருக்குக் காலையில் எழுந்திருப்பது கஷ்டம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். 41 நாள், விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல். வெறுங்காலோடு ரயில். தரையில் படுக்கை. ஒரு நாள் தவறியதில்லை. மண்டல பூஜைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுவது டிசம்பர் கடைசி வாரத்தில். ஆக, ஜனவரி ஒன்றாம் தேதி யோகாவுக்கு உட்காரும்போது அவர் உடம்பு நாலு மணிக்கு நன்றாகப் பழகிய உடம்பு. ஜனவரி ஐந்தாம் தேதி அந்த உடம்பை ஏழு மணிக்கு எழுப்ப மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். ஐந்து நாளில் அந்த உடம்புக்கு என்னதான் ஆகிறது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றாம் தேதி நன்றாகத்தான் நடக்கும். கூடத்தில் ஊதா நிற யோகா மேட் விரிக்கப்படும். டி.வி.யில் யூடியூப் ஆசிரியர் வருவார். சூரியன் வருவதற்கு முன்பே சூரிய நமஸ்காரம் முடிந்துவிடும். அதில் குனிகிற கட்டங்கள் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கடைசியில் சவாசனம். இந்த ஓர் ஆசனத்தில் அவரை எந்த மடத்துச் சாமியாரும் நெருங்க முடியாது. ஆசிரியர் விடைபெற்று, அடுத்த வீடியோவில் யாரோ மீன் குழம்பு வைக்க ஆரம்பித்து, அதுவும் தாளித்து முடிந்த பிறகுதான் குறட்டை நிற்கும்.

மூன்றாம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மார்கழிக் கோலம் போடுவதே பெண்களுக்கு முழுமையான யோகாசனம், நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல, இத்தியாதி. அதை மனைவிக்கு அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் அடுக்களையிலிருந்தபடியே படித்தாள்.

"என்னங்க, இது நெசந்தானா?"

"பின்ன? விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சிருக்கான்."

"அப்ப நாளையிலேர்ந்து நீங்களே போடுங்க. மேட் கூட வேணாம்."

மறுநாள் அந்த வாசலில் இருந்ததை ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் என்று அவர் சொன்னார். தபால்காரர் மட்டும் தாண்டிப் போகாமல் சுற்றிப் போனார். அடுத்த நாளிலிருந்து கோலம் பழைய கைக்கே திரும்பிவிட்டது.

போகிக்குப் பழையதைக் கழிக்கிறபோது மேட்டும் ஆபத்தில் சிக்கும். கிழிந்த பாய், உடைந்த முறம், அதோடு இதையும் சேர்த்து அந்த அம்மாள் வாசலுக்குக் கொண்டுவருவாள். அவர் பாய்ந்து வந்து பிடுங்குவார். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கொளுத்தக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷந்தவறாமல் சொல்லவில்லையா? சுற்றுச்சூழலின் பேரால் மேட் பிழைத்துக்கொள்ளும். அதோடு வாங்கிய பெல்ட்டுக்கும் பொங்கலன்று வேலை வந்துவிடும். மச்சான் பொங்கல் வரிசை கொண்டுவருவாரே, ஸ்கூட்டரில் வந்த கரும்புக்கட்டு அவிழ்ந்து சரியும்போது வீட்டில் அகப்படுகிற ஒரே உறுதியான கயிறு அதுதான். மஞ்சள்கொத்து, பச்சரிசி, வெல்லம், வேட்டி புடவை எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டு மச்சான் கேட்பார்: "என்ன மாமா, யோகா எப்படிப் போவுது?" கேட்கும்போது அவர் கண் மாமாவின் முகத்தில் இருக்காது, ஒரு முழம் கீழே இருக்கும். மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "போயிட்டே இருக்கு மாப்ள" என்பார். அதற்குள் பால் பொங்கிவிடும். குலவையிலும் பொங்கலோ பொங்கல் சத்தத்திலும் மூச்சை விட்டுவிடுவார். கழுத்துவரை சர்க்கரைப் பொங்கல் இறங்கிய பிறகு மேட்டை விரிப்பார். அதில் மச்சான் படுத்துக்கொள்வார்.

காணும் பொங்கல்தான் இந்தக் குடும்பத்தின் உச்சம். மாமல்லபுரம் போகாத காணும் பொங்கல் அவர்கள் வீட்டில் கிடையாது. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் மணம் தெருவை எழுப்பும். புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், எள்ளுருண்டை, மிஞ்சிப்போன கரும்புத் துண்டுகள், தண்ணீர்க் குடம். பங்காளி, சம்பந்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். அவருடைய அம்மாவுக்கு முன்சீட்டு. எண்பது வயதுக் கிழவி, வேனில் ஏறும்போது மட்டும் யார் கையையும் பிடிக்க மாட்டாள்.

வழியில் திருக்கழுக்குன்றத்து மலையைப் பார்த்ததும் யோகிக்கு வீரம் வரும். ஐந்நூறு படிக்கு மேல். "வரும்போது ஏறலாம்" என்பார். போகும்போது ஏறினால் புளியோதரை ஆறிவிடும், வரும்போது ஏறினால் இருட்டிவிடும், ஆகையால் வேதகிரீஸ்வரர் இன்றுவரை காத்திருக்கிறார். அங்கே சங்கு தீர்த்தத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறப்பதையும், உச்சிவேளையில் கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன அந்தக் காலத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வார். கழுகுகள் வருவது நின்று பல வருஷமாகிறது. "சுகர் வந்திருக்கும்" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். மச்சான்தான்.

மாமல்லபுரத்தில் அன்றைக்கு மனிதத் தலைதான் தெரியும், கல் தெரியாது. கடலில் இறங்க விடாமல் போலீஸ் நிற்கும். வெண்ணெய் உருண்டைப் பாறையை முதுகால் தாங்குகிற மாதிரிப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நம்மவர் எல்லோரையும் அர்ச்சுனன் தபசுக்கு அழைத்துப்போவார். யானைகளை அவர் காட்டமாட்டார். அவருக்கு வேண்டியது மேலே, சிவனுக்குப் பக்கத்தில், ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் தவசி. விலா எலும்பை எண்ணலாம். "பாருங்க, விருட்சாசனம். பல்லவர் காலத்திலேயே, ஏழாம் நூற்றாண்டிலேயே நம்மகிட்ட இருந்திருக்கு!" சொல்வதோடு நிற்பாரா? செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக்கட்டி, வலது காலைத் தூக்கி இடது தொடையில் வைக்க முயன்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் சமாதானமாகி, கைகளை உயர்த்துவார். வெள்ளைக்காரர் ஒருவர் பக்தியோடு படம் எடுத்தார். குடும்பம் கை தட்டத் தொடங்கியது.

அப்போதுதான் பேத்தி வேறொன்றைக் கண்டுபிடித்தாள். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை. அதுவும் பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. கங்கைக் கரையில் தவவேஷம் போட்டு எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. தூது வருகிற உலூகன் வாயால் துரியோதனன் தருமருக்குச் சொல்லியனுப்பும் கதை. மேலே நிற்கும் தவசி அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பூனை யார் என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"தாத்தா, அந்தப் பூனையும் உன்ன மாதிரியே நிக்குது. ஆனா அது விழல."

தாத்தா அதற்குள் விழுந்திருந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து நிழலில் இலை போட்டிருந்த வேறொரு குடும்பத்தின் தயிர்சாதத்தின் மேல். அவர்கள் நல்ல மனிதர்கள். எழுப்பி உட்காரவைத்து, மாங்காய் ஊறுகாயும் ஒரு கைப்பிடி சாதமும் கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

தைப்பூசத்துக்கு அவர் மனைவி மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவள். செவ்வாடை, சக்தி மாலை, தலையில் இருமுடி. அந்தச் சீசனில் எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கே மேல்மருவத்தூரில் தற்காலிக நிறுத்தம் கொடுப்பார்கள். கிளம்புகிற அன்று சுருட்டிவைத்த மேட்டைத் தாண்டிக்கொண்டே அவள் சொன்னது எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது: "எங்களுக்காக எக்ஸ்பிரஸ் ரயிலையே நிறுத்துறான். நீங்க அலாரத்த மட்டுந்தான் நிறுத்துறீங்க. இதுக்கும் ஒரு மாலை போட்டுக்கோங்களேன்!"

வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயப்ப மாலை கழுத்தில் ஏறிய மறுநிமிடம் அவர் 'சாமி' ஆகிவிடுகிறார். டீக்கடைக்காரர் சாமி என்கிறார், டிக்கெட் பரிசோதகர் சாமி என்கிறார், பெற்ற தாயே சாமி என்கிறாள். குருசாமி இருக்கிறார், சரண கோஷம் இருக்கிறது, தவறினால் கண்ணைக் குத்த ஆள் இருக்கிறது. வீடு முழுக்கச் சேர்ந்து விரதத்துக்குச் சமைக்கிறது. யோகாவுக்கு யார் இருக்கிறார்கள்? டி.வி.யில் ஒருவர், அதுவும் நடுவில் விளம்பரத்தோடு. பதஞ்சலியின் எட்டு அங்கத்தில் ஒன்பதாவதாக மச்சானையும் சேர்த்திருந்தால் இந்நேரம் தமிழ்நாடே பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும்.

மாசி வெயில் ஏறியதும் மேட் மொட்டைமாடிக்குப் போகும், ஜவ்வரிசி வடாம் பிழிய. வழுக்காத மேட் என்பதால் வடாம் நகராமல் காய்கிறது என்று அடுத்த வீட்டிலும் ஒன்று வாங்கிவிட்டார்கள். ஜூன் 21இல் ஒருநாள் கீழே வரும். யோகா தினத்துக்கு வெள்ளை பனியனோடு பள்ளி மைதானத்தில் முதல் வரிசையில் அவரைப் பார்க்கலாம். "2014 டிசம்பர்ல ஐ.நா. சபையில 177 நாடு சேந்து கொண்டாந்த தீர்மானம்டி" என்று வீட்டில் பெருமையடிப்பார். "அத்தன நாடு சேந்தும் உங்கள ஜூன் இருபத்திரண்டு காலையில எழுப்ப முடியலயே" என்று பதில் வரும்.

இதெல்லாம் பார்த்து அலுத்து, போன டிசம்பரில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் தீர்மானமும் வேண்டாம், மேட்டும் வேண்டாம். ரயிலில்கூட வாயைத் திறக்கவில்லை. எதிர் இருக்கைக்காரர் வண்டலூர்வரை தூக்கம் வராமல் தவித்தார். முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி விஷயத்தை வீட்டில் சொன்னதும் அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான்: "என்னப்பா, காலையில தாத்தா யோகா பாக்கறதுக்குன்னு இங்க இவ அலாரம் வெச்சுருக்கா." மச்சான் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டாராம். மனைவி ரவையை வறுத்துவைத்திருந்தாள். யோகா முடிந்ததும் கேசரி போடுவது எந்த வருஷம் பழக்கமானது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் பழக்கம். அவர் அசையவில்லை. கடைசியில் அம்மா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடா விளையாடுறியா? வருஷா வருஷம் செய்யறத திடீர்னு நிறுத்தக் கூடாதுடா. குடும்பத்துக்கு ஆவாது."

விடியற்காலை நாலரைக்கு மேட் விரிக்கப்பட்டது. போன மாசி வடாமில் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் அவற்றைச் சுரண்டி எடுத்து, பொரித்தால் நன்றாக இருக்குமா என்று அக்காவிடம் கேட்கப் போனார்.