டூட்டிங் ஊறுகாய்

லண்டன் டூட்டிங்கின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் இருந்துகொண்டுதான் பேராசிரியர் கிரகாம் மெக்ரிகர் 1996இல் உப்புக்கு எதிராக ஓர் இயக்கத்தையே தொடங்கினார். ரொட்டிக் கம்பெனிகள்கூட மெல்லப் பணிந்தன. நடந்துபோகும் தூரத்தில் நம் கடைகள்: எலுமிச்சை ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு, அப்பளம். இவை பணிந்ததாகத் தெரியவில்லை.

நாளொன்றுக்கு 6 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்புக்குமேல் கூடாது என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கூடினால் உடம்பில் நீர் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் திணறும். நம்மவர் இதையெல்லாம் மறுப்பதே இல்லை. பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறார், தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டபடி. "சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டோம், டாக்டர்" என்பதும் பொய்யில்லை. மீதிப் பாதிக்குத்தானே ஊறுகாய்!