மணிக்கு டாக்டர் தேடுதல்: ஒரு முன்னோடி ஆய்வு

நாய்க்கு வரும் நோய்களைப் பற்றி நூல்கள் உண்டு. நாய் வளர்ப்பைப் பற்றியும் உண்டு. பழகிய டாக்டர் திடீரென்று கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டால், அடுத்தவரை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாயைத் திறப்பதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம் மடிப்பாக்கத்தின் சில தெருக்கள். ஆய்வுப் பொருள் மணி, ஆண், வயது ஏழு, செம்மண் நிறம். எடை பின்னால் சர்ச்சைக்குள்ளாகும் என்பதால் இங்கே தரப்படவில்லை.

முதலில் வரலாறு. கால்நடை மருத்துவக் கல்வி நாயை மனத்தில் வைத்துத் தோன்றியதல்ல. பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு 1761இல் அனுமதி வாங்கிய க்ளோத் பூர்ஷெலா குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். அவர் காலத்து அரசுகளின் கவலையோ, மாடுகளை மந்தை மந்தையாகச் சாய்த்த வெக்கை நோய். நம் ஊரிலும் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியை எங்கள் வீட்டுப் பாட்டி இன்றுவரை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார். அவருடைய மூலக் கொள்கை இது: “எங்க காலத்துல நாய்க்கு ஏது டாக்டர்? மிச்சம் மீதியைத் தின்னுட்டு நல்லாத்தான் இருந்துது.” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்று குட்டி நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸ் 1978இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. பாட்டி காலம் அதற்கு முந்தையது. ஆகவே பார்வோவைப் பொறுத்தவரை அவர் கூற்று ஏற்கத்தக்கது. வெறிநோயைப் பொறுத்தவரை ஏற்க இயலாது. அது பாட்டிக்கும் பாட்டி காலத்தது.

இவ்வாய்வின் முதன்மைச் சான்று தடுப்பூசிப் புத்தகம். அட்டையில் மணிக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒரு வெளிநாட்டு நாய் சிரிக்கிறது. உள்ளே, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய குட்டி லேபிள்கள். பக்கத்தில் தேதி, ஒரு கிறுக்கல், அடுத்த ஊசிக்கான தேதி. நடுப்பக்கம் சிதைந்துள்ளது. பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்களுக்குக் கரையான் என்றால் எமக்கு மணி. இனம் என்ற இடத்தில் பழைய டாக்டர் ‘என்.டி.’ என்று எழுதியிருக்கிறார். நான்-டிஸ்கிரிப்ட், அதாவது இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத நாட்டு நாய். வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தாய்வழியில் சிப்பிப்பாறை என்பது குடும்பக் கொள்கை. (தாய்வழியில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ இல்லாத ஒரு தெருநாயைச் சென்னையில் இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை.)

களப்பணி காலை ஆறு மணிக்கு நடந்தது. அந்த நேரத்தில் தெருவில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ரோஸி அம்மா, ப்ரூனோ அப்பா, டைகர் தாத்தா என்றுதான் அறியப்படுகிறார்கள். வருடக்கணக்கில் பேசிப் பழகியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகை நீட்டும்போதுதான் உறையில் என்ன பெயர் எழுதுவது என்று திகைப்பார்கள். தகவலாளிகளாக இவர்களை நம்பலாமா என்றால், இரண்டாவது தெரு டாக்டரைப் பற்றிக் கிடைத்த வாக்குமூலங்களைப் பார்க்க வேண்டும். ரோஸி அம்மா சொன்னது: “தங்கமான மனுஷர்ங்க. ஊசியே போட மாட்டார்.” ப்ரூனோ அப்பா சொன்னது: “ஊசியே போட மாட்டார்ங்க. அவரெல்லாம் ஒரு டாக்டரா?” தரவு ஒன்றே; முடிவுதான் வேறு. சமூக அறிவியலில் இது புதிதல்ல. டைகர் தாத்தா எந்த டாக்டரையும் சிபாரிசு செய்யவில்லை. எதற்கும் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். மணிக்கு அப்போது வயிற்றுப்போக்கு.

இந்தக் குழப்பத்திலும் எல்லோரும் ஒத்துப்போன அளவுகோல் ஒன்று உண்டு: தீபாவளி ராத்திரி போனை எடுப்பாரா? பட்டப்படிப்பு, அனுபவம், கட்டணம் எல்லாம் இதற்குப் பிறகுதான். சர வெடிக்குக் கட்டிலடியில் புகுந்த நாய் விடிந்தும் வெளியே வராத வீட்டாருக்கு இந்த அளவுகோலை விளக்க வேண்டியதில்லை.

எந்த விவாதமும் முற்றினால் கடைசியில் ஒருவர் சொல்வார், “பேசாம வேப்பேரிக்குக் கொண்டுபோயிடுங்க.” நல்ல யோசனை. எலும்புக்கு, தோலுக்கு, கண்ணுக்கு என்று தனித்தனியே பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் லாப்ரடார், மறுபக்கம் அதைச் சிறிதும் மதிக்காத ஓர் ஆடு. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் ஏதோ ஓர் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் சூழ்ந்து நின்று காதைத் திருப்பிப் பார்க்கையில், மணி தன்னை ஒரு பாடமாகவே உணர்ந்து கம்பீரமாக நின்றது. சிக்கல் தூரத்தில்தான். “சீட்டுல ஏறாதுல்ல சார்?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஏறாது என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. கத்திப்பாரா வருவதற்குள் மணி அவர் தோளில் தாடையை வைத்துச் சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தது. பெரிய வியாதிக்கு வேப்பேரி. காதில் உண்ணி என்றால் பக்கத்துத் தெருதான் என்று முடிவாயிற்று.

பக்கத்துத் தெரு கிளினிக்குகளில் செய்த சோதனைகளில் ‘நொண்டல் விதி’ உறுதிப்பட்டது. வீட்டில் மூன்று காலில் நடக்கும் நாய் கிளினிக் வாசலில் நான்கு காலிலும் நடக்கும்; ஐந்தாவது ஒன்று இருந்தால் அதிலும் நடக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகிறது. எனவே வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது அறிவுடைமை. அதைப் பொறுமையாகப் பார்க்கிற டாக்டருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். 102 டிகிரி என்றதும் முகம் வெளுக்கும் வீட்டாரிடம், நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம் என்று சிரிக்காமல் சொல்பவருக்கு இன்னொன்று. மேசை மேல் தூக்கச் சொல்லாமல் தானே தரையில் உட்கார்ந்து, கையை மோந்து பார்க்க விட்டு, பிறகு உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, இரண்டு விநாடிக்குள் ரோஜா நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பவருக்கு முழு மதிப்பெண்.

ஆனால் தேர்வை முடித்துவைத்தது இது எதுவும் இல்லை. “என்ன சாப்பாடு?” என்று கேட்டார் ஓர் இளம் டாக்டர்.

“டாக் ஃபுட் மட்டும்தான் டாக்டர்.”

நாய் வளர்க்கும் எல்லா வீடுகளிலும் சொல்லப்படும் பதில் இது. அவர் பேசாமல் மணியின் விலாவில் கையை வைத்துத் தடவினார். “எலும்பைத் தேட வேண்டியிருக்கே. வீட்ல பெரியவங்க இருக்காங்களா?”

“பாட்டி இருக்காங்க.”

“டீக்கு என்ன தொட்டுப்பாங்க?”

“பொறை.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“சரி. மாசம் எத்தனை பாக்கெட் வாங்கறீங்க?”

அறையில் கணக்குப் போடும் அமைதி நிலவியது. 24 கிலோ இருக்கும் மணி 19க்கு வர வேண்டும் என்றார். பஜ்ஜி உண்டா என்றும் கேட்டார்; வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்றார். பழைய புத்தகத்தை வாங்கிச் சிதைந்த பக்கத்தைத் தாண்டி, புதுப் பக்கத்தில் லேபிளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து படிக்கும்படி இருந்தது. அது ஒன்றுதான் கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆய்வாளரின் முடிவு இப்படி: வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்ப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது வாயுள்ளவர்களின் பொய்யை. அதைப் பிடித்தவரே டாக்டர். குடும்பக் கூட்டத்தில் இந்த முடிவு பெரும்பான்மையோடு நிறைவேறியது. பாட்டி மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்தார்.

“நாயைப் பாக்கச் சொன்னா வீட்டுக் கதையெல்லாம் கேக்கறான். வேற நல்ல டாக்டரா பாரு” என்றார், பொறை டப்பாவை மூடிக்கொண்டே. மேசைக்கு அடியில் மணி எதையோ மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தது.