மக்காச்சோளத் திணையியல்

ஐந்திணை வகுத்த முன்னோர் மக்காச்சோளத்தைக் கண்டதில்லை. கண்டிருந்தால் ஆறாவதாக ஒன்றையும் வகுத்து, அதற்கொரு தெய்வத்தையும் பறையையும் ஒதுக்கிவிட்டுத்தான் ஓய்ந்திருப்பார்கள். அமெரிக்காவின் நடுமேற்கு எனப்படும் பன்னிரண்டு மாநிலங்களில், வயல் நடுவே முந்நூறு நானூறு பேரோடு கிடக்கும் சிற்றூர்கள் ஏராளம். அவ்வூர் மாந்தரை முறைப்படி வகை பிரித்து வைப்பதே இந்நூலின் நோக்கம். பயன் யாது எனின், வீடுபேறு அன்று. அங்கே காலையில் காபி குடிக்கப் போனால் எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில், ஊர் என்பது யாது? சட்டத்தைக் கேட்டால் தலை சுற்றும். நெப்ராஸ்காவில் 100 முதல் 800 பேர் வரை இருந்தால் கிராமம். அயோவாவில் ஐம்பது பேரே இருந்தாலும், ஊராட்சியாகப் பதிவாகியிருந்தால் அது நகரம். இல்லினாயிலோ, சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்க் 70,000 பேருக்கு மேல் வைத்துக்கொண்டு, பெரிய மால் ஒன்றையும் கட்டிக்கொண்டு, இன்னும் கிராமம் என்றே கையெழுத்துப் போடுகிறது. ஆகவே சட்டத்தை விலக்கி, நாம் கொள்ளும் இலக்கணம் இது: தண்ணீர்த் தொட்டியில் பெயர் எழுதியிருக்க வேண்டும், எலிவேட்டர் எனப்படும் தானியக் கோபுரம் மாதா கோயிலைவிட உயரமாய் நிற்க வேண்டும். இவ்விரண்டும் உடையது ஊர்.

இனி முதற்பொருள். நிலத்தை இங்கே ஆறோ மலையோ வகுக்கவில்லை. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் வகுத்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதனுள் 36 பங்கு. பங்குக்கு 640 ஏக்கர். பதினாறாம் பங்கு பள்ளிக்கூடத்துக்கு. சாலைகள் இன்றும் அந்தக் கோட்டிலேயே ஓடுகின்றன. வழி கேட்டால் வலம் இடம் சொல்ல மாட்டார்கள். வடக்கு தெற்கு என்பார்கள். "பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வடக்கே திரும்பு, களஞ்சியம் எரிந்துபோனதே, அதற்கு அரை மைல் முன்னால்" என்பதுபோல் வரும் விடை. இல்லாத பொருளை அடையாளமாகக் கொண்டு இருக்கிற இடத்தைச் சேரும் இந்த முறையை நம் தருக்க நூலார் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பர். பெரும்பொழுது நான்கு: விதைப்பு, கவுண்டிச் சந்தை, அறுவடை, கூடைப்பந்து. சிறுபொழுது பல ஊர்களில் ஒன்றே. அது நண்பகல் சங்கு.

கருப்பொருளை விரைந்து கடப்போம். விலங்கு பன்றி, அயோவாவில் மனிதர் முப்பத்திரண்டு லட்சம் என்றால் பன்றிகள் இரண்டு கோடிக்கும் மேல். தெய்வம் ஒன்றே எனினும் லூத்தரன் சபைகள் ஒன்றல்ல. மிசூரி சினாடு ஒரு முனையில், 1988-இல் பல சபைகள் சேர்ந்து உருவான இவாஞ்சலிக்கல் சபை மறுமுனையில் என்று இரண்டும் இருக்கும் ஊரில், ஒரே குடும்பப் பெயருடையோர் இரண்டு கல்லறைத் தோட்டங்களில் கிடப்பதும் உண்டு. தவக்கால வெள்ளிக்கிழமையன்று கத்தோலிக்கர் மீன் பொரிக்கும்போது மட்டும் எல்லாச் சபையாரும் ஒரே வரிசையில் நிற்பர்.

இனி மாந்தர். முதற்பிரிவு பிறந்தோர், வந்தோர் என இரண்டு. வந்தோர் நாற்பது ஆண்டு வாழ்ந்து, பஞ்சாயத்தில் உட்கார்ந்து, சர்ச்சில் ஆர்கன் வாசித்தாலும் வந்தோரே. அவர் வாங்கிய வீடு முன்பிருந்தவர் பெயராலேயே வழங்கும். அவர் விற்றுவிட்டுப் போன மறுநாள்தான் அது அவர் வீடு ஆகும். பேரப்பிள்ளைகள் தலையெடுத்தபின் இவ்விதி தளரும் என்பது ஒருசார் ஆசிரியர் கருத்து. ஒரே குடும்பம் நூறாண்டு வைத்திருக்கும் பண்ணைகளுக்கு அயோவா அரசு 1976 முதல் பட்டயம் தந்து சிறப்பிக்கிறது. அந்தப் பலகையைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவர் தம் வகையை மறக்க வழியில்லை.

அடுத்தது காபி மேசை. காலை ஆறு மணிக்குக் கூட்டுறவு அலுவலகத்திலோ பெட்ரோல் பங்கிலோ இது கூடும். ஓய்வு பெற்றும் ஓயாத விவசாயிகள். தலையில் விதைக் கம்பெனி கொடுத்த தொப்பி. இவருள் மழைமானியர் தலையாயவர். ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்து, தம் வயலில் நேற்று பெய்தது நாற்பது என்று ஒருவர் தொடங்குவார். நாற்பத்தைந்து என்பார் எதிரிலிருப்பவர். இரண்டு மைல் தள்ளி இருப்பவர் எழுபது என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். மழையே பெய்யாதவர் பேசமாட்டார். அவருக்கு அன்று ஒருவரும் மழையைப் பற்றி ஆறுதல் சொல்வதும் மரபன்று. தோல் குவளையில் தாயக்கட்டையை உருட்டித் தோற்றவர் எல்லோருடைய காபிக்கும் காசு கொடுப்பார். முதலில் எழுந்து போகிறவரே அடுத்த பேச்சுக்குப் பொருளாவார் ஆதலின், எழுவது ஒரு கலை. முழங்காலில் தட்டி "சரி, அப்போ" என்பது முதற்படி. அதன்பின் கதவருகே கால் மணி நேரமேனும் நிற்க வேண்டும்.

டிராக்டர் நிறத்தால் பச்சையர், சிவப்பர் எனப் பகுப்பதும் உண்டு. ஜான் டீரும் கேஸும் செய்த வேலை இது. தந்தை வழியாக வரும் இந்தப் பற்றில் நாம் தலையிடுவதற்கில்லை.

விரலியல் தனி இயலாகவே தகும். சரளைச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் எழும். இது முன்பின் அறியாதவருக்கும் உரியது. இரண்டு விரல் எழுந்தால் தெரிந்தவர். முழுக்கையும் எழுந்தால் உறவினர், அல்லது உங்கள் டயரில் காற்றில்லை. விரலே எழாதவர் சிகாகோக்காரர் எனத் துணியப்படுவார்.

பாத்திரத்தார் என்போர் துக்கத்தில் வெளிப்படுவர். மினசோட்டாவில் ஹாட்டிஷ், தெற்கே காஸரோல். கொத்துக்கறி, டப்பாக் காளான் சூப், மேலே வரிசை குலையாமல் உருளைக்கிழங்கு டாட்ஸ். சாவு நடந்த வீட்டுக்கும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கும் இவை வந்து சேரும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித டேப்பில் உடைமையாளர் பெயர். பலமுறை கழுவியதில் எழுத்து மங்கியிருந்தாலும் ஊருக்கே அந்தப் பாத்திரம் தெரியும். கடைசித் துண்டை எவரும் எடுக்க மாட்டார். பாதியை வெட்டி எடுப்பார் ஒருவர். மீந்ததில் பாதியை இன்னொருவர். இப்படியே போய், சுரண்டினாலும் கிடைக்காத அளவு ஆனபின் பாத்திரம் வீடு திரும்பும். அணுவைப் பற்றிய விசாரணைக்கு இவ்வளவு பொறுமையான ஆய்வுக்கூடம் வேறில்லை.

இவர்களைப் பற்றி எழுதிய ஆசிரியரையும் ஒரு வகையாகக் கொள்ள வேண்டும். சின்க்ளேர் லூயிஸ் 1920-இல் 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில் தம் சொந்த ஊராகிய மினசோட்டாவின் சாக் சென்டரைக் குதறி எடுத்தார். ஊர் முகம் சுளித்தது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பிற்காலத்தில் ஊர் அந்தத் தெருவுக்கு 'ஒரிஜினல் மெயின் ஸ்ட்ரீட்' என்று பலகை மாட்டிக்கொண்டது. பள்ளி விளையாட்டு அணியின் பெயரும் நாவலின் பெயரை ஒட்டியதே.

பள்ளி என்றதும் தொகைநிலை நினைவுக்கு வரும். பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிகள் சேர்ந்தன. எந்த ஊரும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அயோவாவில் ஓடபோல்ட், ஆர்தர், பேட்டில் கிரீக், ஐடா குரோவ் என்ற நான்கும் ஒட்டி ஒரு பள்ளி. ஆர்ப்பரிப்போர் மூச்சு வாங்காமலிருக்க முதலெழுத்துகளால் வழங்குகிறார்கள். சிறிய பள்ளிகளில் பதினொரு பேர் தேறாததால் கால்பந்தே எட்டு பேர் ஆட்டமாகச் சுருங்கியது.

இந்நூலின் பெருஞ்சிக்கல் இங்கேதான். வகைகள் மிகுந்தன, ஆட்கள் போதவில்லை. தீயணைப்புப் படையின் தலைவரே பான்கேக் காலையுணவில் கரண்டி பிடிப்பவர். அவரே ஆம்புலன்ஸ் ஓட்டி. நோயாளி அவருடைய பழைய கணக்கு வாத்தியார். ஒருவரை ஒரு வகையில் அடைத்தால் நான்கு வகைகள் காலியாகின்றன.

இதன் எல்லை நெப்ராஸ்காவின் மொனோவை. 2010 கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை ஒன்று. கணவர் 2004-இல் இறந்தபின் தனித்த ஒரு மூதாட்டி. மேயர் அவரே, எழுத்தர் அவரே, மதுக்கடை நடத்துபவரும் அவரே. கடைக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தவரும் அதை ஆராய்ந்து வழங்கியவரும் ஒருவர் ஆதலால் லஞ்சத்துக்கு இடமில்லை. கணவர் சேர்த்த சுமார் ஐயாயிரம் புத்தகங்களை நூலகமாக்கி, அதற்கும் பொறுப்பேற்றார். பிறந்தோர், பாத்திரத்தார் முதலிய வகையெல்லாம் அங்கே ஒருவரிடமே அடங்கின. வகைப்பாட்டியலுக்கு வேலையே இல்லாத நிறைவான ஊர்.

2020 கணக்கெடுப்பு அதையும் கெடுத்தது. மொனோவையின் மக்கள்தொகை இரண்டு என்று அது அறிவித்தது. தனிமனிதர் விவரம் வெளியாகாமல் காக்க, சிற்றூர் எண்களில் கணக்கெடுப்பு அலுவலகம் வேண்டுமென்றே சிறு பிசகு கலந்ததன் விளைவு இது. அந்த இரண்டாமவர் காகிதத்தில் மட்டுமே குடியிருக்கிறார். காபிக்கு வந்ததில்லை, விரலை உயர்த்தியதில்லை, பாத்திரம் கொடுத்ததுமில்லை, திருப்பியதுமில்லை. ஆனால் அவர் அங்கே பிறக்கவில்லை என்பது மட்டும் ஐயமற்றது. ஆகவே அவரை வந்தோர் வகையில் சேர்த்திருக்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகள் விண்ணப்பித்தால் மறு ஆய்வு செய்யப்படும்.